உலகத்திலேயே ஒன்பதாவது

நான் பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் படித்து முடிப்பதற்குள் நீங்களும் அப்படித்தான் நினைக்கப்போகிறீர்கள். பாளையங்கோட்டையில் பாதிப் பேர் நினைத்தார்கள். மீதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்ததால் அவர்களுக்கு நினைக்க நேரமில்லை.

அப்போது எனக்கு இருபத்தோரு வயது. படிக்கப் போன ஊரில் ஏரி ஒன்று இருந்தது. ஏரியில் கயாக் படகுகள் இருந்தன. ஓட்டத்தான் ஆள் இல்லை. அப்படித்தான் நான் விளையாட்டு வீராங்கனை ஆனேன்.

பந்தயக் கயாக் என்பது நீங்கள் சுற்றுலா போன இடத்தில் பார்க்கிற படகு இல்லை. ஒரு நீள முருங்கைக்காயை நடுவில் கொஞ்சம் குடைந்து, "உள்ளே உட்கார்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான். தும்மினால் கவிழும். தும்மலாமா என்று யோசித்தாலும் கவிழும். முதல் மூன்று மாதம் நான் படகோட்டக் கற்றுக்கொள்ளவில்லை, விழக் கற்றுக்கொண்டேன்.

தமிழ்நாட்டில் அன்றைக்கு இந்தப் படகில் உட்காரத் தெரிந்த பெண்கள் எல்லோரையும் இரண்டு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். (நெருக்கி உட்கார்ந்தால் ஒன்றே போதும்.) அதனால் மாநில அணியில் இடம் கிடைப்பதில் சிரமமில்லை. இந்திய அணியில் கிடைத்ததுதான் அதிசயம். வெளிநாட்டில் ஒரு சர்வதேசப் போட்டிக்குத் தேர்வாகியிருந்த பெண்ணுக்குக் கிளம்புகிற வாரத்தில் அம்மை போட்டுவிட்டது. பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது. என் பெயருக்குக் கீழே வேறு பெயரே இல்லை என்பதை வீட்டில் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லையே!

ஐந்நூறு மீட்டர். ஒற்றையர் கயாக். ஒன்பது தடம், ஒன்பது படகு. எனக்குப் பக்கத்துத் தடத்தில் இருந்த பெண்ணின் தோள்கள் எங்கள் வீட்டு பீரோ அகலத்துக்கு இருந்தன. அவள் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள். போட்டியில் எதிராளி அன்பாகச் சிரித்தால் என்ன அர்த்தம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கிளம்பிய பத்தாவது நொடியில் எனக்கு முன்னால் எட்டு முதுகுகள் தெரிந்தன. நூறாவது மீட்டரில் எட்டுப் புள்ளிகள். அதற்குப் பிறகு ஏரி மட்டும். பின்னாலேயே நடுவர்களின் மோட்டார் படகு உறுமிக்கொண்டு வந்தது. அதில் நின்ற வெள்ளைத்தாடிக்காரர் ஒருவர், 'உடம்புக்கு ஒன்றுமில்லையே?' என்று சைகையில் கேட்டார். ஒன்றுமில்லை என்று கட்டைவிரலை உயர்த்தப்போய்க் கவிழப் பார்த்தேன். கரைக்கு வந்தபோது என் பீரோ தோழி துண்டால் தலையைத் துவட்டி முடித்திருந்தாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போன் செய்தேன்.

"ஏட்டி, எத்தனாவது வந்த?" என்றாள் அம்மா.

"ஒன்பதாவதும்மா."

'ஒன்பது பேரில்' என்று சேர்த்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது.

"ஏங்க! நம்ம எஸ்தரு உலகத்துலயே ஒன்பதாவது வந்திருக்காளாம்!"

நாற்காலி தள்ளப்படும் சத்தம். பக்கத்து வீட்டார் வரும் சத்தம். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அப்பா ஸ்தோத்திர ஜெபம் தொடங்கிவிட்டார். மீன்களையும் சமுத்திரங்களையும் படைத்த தேவரீர், ஒரு கிளார்க்கின் மகளைத் தண்ணீரின்மேல் நடத்தின கிருபைக்காக என்று அவர் தழுதழுத்துக்கொண்டிருக்கும்போது, குறுக்கே புகுந்து "அப்பா, ஓட்டியதே ஒன்பது பேர்தான்" என்று எப்படிச் சொல்வது? ஜெபம் முடிந்ததும் எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன்.

அந்த ஒரு ஆமென்தான் நான் செய்த குற்றம்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால், என்னைவிட நான்கு மடங்கு பெரிதாக நானே நின்றுகொண்டிருந்தேன். சாம் சித்தப்பாவின் கைவண்ணம். அவருக்குத் தச்சநல்லூரில் பிளெக்ஸ் அடிக்கிற கடை. என் தலைக்கு மேலே ஒரு கழுகு, பின்னால் ஓர் அருவி, கீழே 'உலகின் ஒன்பதாவது அதிவேகப் படகு வீராங்கனையே வருக!' கையில் துடுப்புக்குப் பதிலாக ஏதோ ஒரு கிரிக்கெட் வீரரின் மட்டையை ஒட்டியிருந்தார். (அவசரத்தில் கிடைத்தது அதுதானாம்.)

அடுத்த பத்து நாளும் பாராட்டு விழாக்கள். சபையில் ஒன்று, படித்த பள்ளியில் ஒன்று, பெண்கள் ஐக்கியத்தில் ஒன்று. ஒவ்வொரு விழாவுக்கும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் போவேன். நான் மைக்கைப் பிடிப்பதற்குள் சால்வையைப் போர்த்திவிடுவார்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டு உண்மை பேசுவது சுலபமில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதை வெளியே வந்திருக்காது. சித்தப்பாவுக்குத்தான் திருப்தியில்லை.

"மேடையில பேசி என்னத்துக்கு? சனம் கண்ணால பாக்கணும்லா!" என்றார்.

தாமிரபரணியில் கொக்கிரகுளம் படித்துறை. ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு. மணிமுத்தாறு பக்கம் விடுதி நடத்தும் நண்பரிடம் சொல்லிக் கயாக் ஒன்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். தனியாக ஓட்டினால் வேகம் எப்படித் தெரியும் என்று எதிராளியையும் பிடித்துவிட்டார். உவரியிலிருந்து பாளைக்கு மீன் கொண்டுவரும் மிக்கேல் அண்ணாச்சி. அவர்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்குச் சித்தப்பாதான் பிளெக்ஸ் அடித்துக்கொடுப்பார். அண்ணாச்சிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, தேங்காய் நார் மாதிரி உடம்பு. தன் சின்னக் கட்டுமரத்தை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"நீ ஒண்ணும் சங்கடப்படாத பிள்ளே," என்றார் என்னிடம். "நா சும்மா பேருக்குத்தான் வாரேன். நீ உலக லெவல்ல ஓட்டுத ஆளு. ஒனக்குப் பின்னால பைய வாரேன்."

என் படகைப் பார்த்தேன். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக். குட்டையாக, தடியாக, சாப்பிட்டுவிட்டுப் படுத்த பன்றிக்குட்டி மாதிரி கிடந்தது. இதிலிருந்து விழ வேண்டுமென்றால் விழ ஆசைப்பட்டால்தான் உண்டு. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஆற்றின் போக்கில் முந்நூறு மீட்டர் போல, பாலத்துக்கு அடியில் முடிவு. ஒரு கட்டுமரத்தை முந்த முடியாதா என்ன? இதில் ஜெயித்துவிட்டால் அந்த ஒன்பதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள் என்றுகூட ஒரு கணக்குப் போட்டேன்.

படித்துறை முழுக்க ஆட்கள். பாலத்தின் மேல் பைக்குகளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறவர்கள் வேறு. சித்தப்பா மைக்கில், "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்றார்.

என் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த தொடக்கம் அதுதான். அப்படியொரு இழுப்பு இழுத்தேன். படகு வலப்பக்கம் திரும்பியது.

பந்தயக் கயாக்கில் திசை பார்த்துக்கொள்வது காலின் வேலை. அடியில் சுக்கான் உண்டு; பாதத்தால் அதை லேசாகத் தள்ளிக்கொண்டே கை பாட்டுக்குத் துடுப்பு போடும். இந்தப் பன்றிக்குட்டிக்குச் சுக்கானே கிடையாது என்பதைத் தாமிரபரணியின் நடுவில் வைத்துக் கண்டுபிடித்தேன். நான் காலால் உதைக்கிறேன், உதைக்கிறேன், வெறும் பிளாஸ்டிக். வலப்பக்கம் பலமாகத் துடுப்பு போட்டேன், இடப்பக்கம் முழு வட்டம் அடித்தது. எவ்வளவு பலமாக இழுத்தேனோ அவ்வளவு வேகமாகச் சுற்றியது. உலகத் தரமான சுற்று.

பாலத்திலிருந்து ஒரு குரல் கேட்டது: "ஏலே, சுத்திச் சுத்தில்லா ஓட்டுது! வெளிநாட்டுல இப்படித்தான் போல!"

சித்தப்பா விடவில்லை. மைக்கில் அவர் தமிழ் எப்போதும் செந்தமிழாகிவிடும். "இப்போது வீராங்கனை எதிராளியை நோட்டம் பார்க்கிறார்... மீண்டும் நோட்டம் பார்க்கிறார்..." நீரோட்டம் என்னைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டுபோய்க் கரையோரம் ஆகாயத்தாமரையாக அடர்ந்து மிதந்த அமலைச்செடிக்குள் செருகியது. "வீராங்கனை சற்று ஓய்வெடுக்கிறார்."

மிக்கேல் அண்ணாச்சி பாவம், எனக்காகத் துடுப்பையே போடாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அது அவரை அழைத்துக்கொண்டுபோய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டது. அவர் ஜெயித்துவிட்டார்.

சித்தப்பா மைக்கைப் பிடித்தபடி யோசித்தார். அவர் யோசிப்பது எனக்கு அமலைக்குள்ளிருந்தே தெரிந்தது.

"எங்க எஸ்தரு உலகத்துல ஒன்பதாவது," என்றார் மெதுவாக, செந்தமிழை மறந்து. "அவளையே இவரு முந்திட்டாரு. அப்பம் அண்ணாச்சி... எட்டாவதுல்லா!"

விசில் பறந்தது. எனக்கு வாங்கி வைத்திருந்த சால்வையைப் பிரிக்கிற சத்தம்கூட மைக்கில் கேட்டது.

அண்ணாச்சி எதிர்நீரில் துடுப்புப் போட்டு வந்து என்னை அமலையிலிருந்து பிடுங்கித் தன் மரத்தில் ஏற்றிக்கொண்டார். பன்றிக்குட்டியைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தோம். அவர் முகத்தில் ஒரு வெட்கம், ஒரு ஒளி. எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்குப் போட்டியில ஓட்டுனதே ஒன்பது பேருதான்."

துடுப்பு நின்றது. "அப்பம் நீ?"

"கடைசி."

கரையைப் பார்த்தார். 'எட்டாவது! எட்டாவது!' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தாழ்ந்த குரலில் கெஞ்சினார்: "இத இப்பமே சொல்லணுமாக்கும்? ரெண்டு நாளு போவட்டுமே பிள்ளே. நா ஊருக்குப் போயி வீட்டுக்காரிட்ட சொல்லிக்கிடுதேன்."

படியில் அம்மா நின்றிருந்தாள். அம்மா கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்து வழிமுறை தவறாக இருந்தால் பிள்ளைகளை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையோடு கேட்டாள்.

"எஸ்தரு, அங்கன மொத்தம் எத்தன பேரு ஓட்டுனிய?"

சித்தப்பா அதற்குள் பேட்டிக்காக மைக்கை என் வாயருகே நீட்டியிருந்தார்.

"ஒன்பது பேரும்மா."

ஒன்பது பேரும்மா, ஒன்பது பேரும்மா என்று அது பாலத்தடியில் மோதித் திரும்பி வந்தது. முதலில் சிரித்தது பாலம். பிறகு படித்துறை. சபை போதகர் அங்கியால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையில் அமலைச்செடியோடு, அத்தனை பேர் முன்னால், விக்கி விக்கி அழுதேன்.

அம்மா தன் முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வயிறு குலுங்கியது.

"ஒன்பதுக்கு ஒன்பது," என்றாள். "முழு மார்க்குட்டி ஒனக்கு."

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது எதிலாவது கடைசியாக வந்தால் முழு மார்க் என்றுதான் சொல்வார்கள். தம்பி மகன் சாக்கு ஓட்டத்தில் முழு மார்க். அப்பா ரேஷன் வரிசையில் மாதாமாதம் முழு மார்க்.

ஆனால் விஷயம் அங்கே தீரவில்லை. கூட்டத்தில் யாரோ, "அப்பம் அண்ணாச்சி எட்டாவது இல்லியே, சால்வையக் கொடும் வே!" என்றார்கள். மிக்கேல் அண்ணாச்சி, கரையேறியதுமே தோளில் விழுந்திருந்த சால்வையை இறுக்கிக்கொண்டார்.

"அது எப்படிவே? அவ கடைசியா வந்தாலும் நா அவளுக்கு முன்னாலதான வந்தேன்? அந்த எட்டுப் பேரும் இங்கன வந்து என்ன முந்தட்டும். பொறவு பாப்போம்."

ஒருவரும் வரவில்லை. அண்ணாச்சியின் மீன் வண்டியில் 'உலகின் எட்டாவது' என்று சித்தப்பா அடித்துக்கொடுத்த பிளெக்ஸ் ஏறியது.

அந்த வெட்கத்தில் நான் வெறிபிடித்தாற்போல் பயிற்சி எடுத்தேன். அடுத்த சர்வதேசப் போட்டியில் ஒன்பது பேரில் ஏழாவது. (இப்போதெல்லாம் மொத்த எண்ணிக்கையைத்தான் முதலில் சொல்வேன்.) மறுநாளே அண்ணாச்சி தச்சநல்லூர்க் கடைக்குப் போய், வண்டிக்கு 'ஆறாவது' என்று புது பிளெக்ஸ் கேட்டாராம். அதற்கப்புறம் ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் உவரியிலிருந்து போன் வரும். பின்னால் கடல் சத்தம் கேட்கும். "நல்லா இழுத்து ஓட்டு பிள்ளே. எனக்கு ஒரு பிரமோசன் வேணும்." எனக்காக இந்த உலகத்தில் அத்தனை உருக்கமாக ஜெபம் செய்த இன்னொருவர் இல்லை, அப்பாவையும் சேர்த்துத்தான்.

என் கடைசிப் போட்டியில், ஒன்பது பேரில், ஐந்தாவதாக வந்தேன். அதற்குமேல் தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை. இப்போது ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. இனிமேல் ஓட்டமாட்டேன் என்று சொன்னபோது வீட்டில் எல்லோரும் நல்லபடியாக எடுத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி மட்டும் அரைக்கிலோ நெத்திலியோடு வீடு தேடி வந்து, வாசலிலேயே நின்றார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"நாலாவதோட என்ன நிப்பாட்டிட்டியே பிள்ளே. இன்னும் ஒரே ஒரு எடம் முன்னால வந்திருந்தியன்னா, எனக்கு வெண்கலம்லா!"