சலமந்தர் விழும் பலன்

லா சப்பல், பரிஸ்

பெருமதிப்பிற்குரிய பஞ்சாங்கக் கணிதர் ஐயா அவர்களுக்கு,

பரிஸிலிருந்து சுபாங்கி தவரத்தினம் பணிவுடன் எழுதுவது. தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். வரப்போகும் வருடத்தின் நலத்தை முன்கூட்டியே கணித்து அச்சிட்டுவிட்ட ஒருவரிடம் நலம் விசாரிப்பது பொருத்தமா என்று தெரியவில்லை. கேட்காமல் விடுவதும் முறையல்ல. தங்கள் பஞ்சாங்கம் எங்கள் மரக்கறிக் கடையில், கல்லாவுக்கு மேலே, முருகன் படத்துக்கும் தொலைபேசி அட்டை விளம்பரத்துக்கும் நடுவே தொங்குகிறது. நான் ஒரு நூலகத்தில் வேலை செய்பவள், கைக்குக் கிடைப்பதையெல்லாம் வாசிப்பவள். ஆனாலும் அதை இதுவரை திறந்ததில்லை. போன வாரம் திறந்தேன். ‘பல்லி விழும் பலன்’ என்ற பக்கத்தில் ஒரு குறை இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்தக் குறையால் என் தங்கையின் திருமணம் நின்றுபோய் இருக்கிறது. ஆகையால் தங்கள் பதில் அவசரமாகத் தேவை.

தங்கை லக்ஷனாவுக்கும் பியர்ஃபித்தில் வசிக்கும் கிருஷாந்துக்கும் வரும் ஆவணியில் திருமணம் செய்வதாக இருக்கிறோம். இருவரும் தாங்களே பார்த்துப் பேசி முடிவெடுத்தவர்கள் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும். இருந்தாலும் வெளியே கேட்பவர்களுக்குப் பெரியவர்கள் பேசிச் செய்வதாகவே சொல்கிறோம். மாப்பிள்ளையின் தாயார் சாரதாதேவி மாமி சென்ற சனிக்கிழமை எங்கள் கடைக்கு வல்லாரை வாங்க வந்தார். எங்கள் வல்லாரை தாய்லாந்திலிருந்து பெட்டியில் ஈரத்தோடு வருகிறது. அப்பா சாதாரண வாடிக்கையாளருக்கு அதை ஈரத்தோடு நிறுப்பார். வேண்டியவர்களுக்கு மட்டும் தண்ணீரை உதறிவிட்டு நிறுப்பார். அது அவருடைய மரியாதை. லா சப்பலில் யார் யாருக்கு அப்பா உதறிக் கொடுக்கிறார் என்பதை வைத்தே அவரவர் தங்கள் மதிப்பைத் தெரிந்துகொள்வார்கள். வருங்காலச் சம்பந்தி என்பதால் அப்பா முக்காலியில் ஏறி, மேல்தட்டில் இருந்த புதுப் பெட்டியை உடைத்து, கீழே இறங்கும் பொறுமைகூட இல்லாமல், ஏறி நின்ற இடத்திலேயே கீரைக் கட்டைப் பலமாக உதறினார். தண்ணீரோடு சேர்ந்து ஏதோ ஒன்று மாமியின் தலையில் விழுந்தது.

மாமி கத்தவில்லை. அசையாமல் நின்றபடி, “என்ன விழுந்தது?” என்று கேட்டார்.

“ஒண்டுமில்லை, இலை” என்றார் அப்பா.

“இலை நடக்குது” என்றார் மாமி.

கடையில் வேலை செய்யும் அன்ரன் அண்ணை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தால் அதை ஏந்திப் பிடித்துவிட்டு, நல்ல எண்ணத்தோடுதான், “பயப்பிடாதேங்கோ அக்கா, பல்லிதான்” என்றார். அவர் கிறிஸ்தவர். அந்தச் சொல் அந்தக் கடையில் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாது. வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ பஞ்சாங்கத்தை ஆணியிலிருந்து எடுத்தார்கள். உச்சியில் விழுந்தால் உறவில் மரணச் செய்தி என்றும், கூந்தலில் விழுந்தால் லாபம் என்றும் தாங்கள் போட்டிருக்கிறீர்கள். உச்சிக்கும் கூந்தலுக்கும் இடையே எல்லை எது என்று போடவில்லை.

“கொண்டையிலதான் விழுந்தது, நான் கண்டனான்” என்றார் அப்பா.

“ஓம், கொண்டைதான். லாபம் அக்கா, லாபம்” என்றார் அன்ரன் அண்ணை.

“நீர் வேதக்காரன், உமக்கென்ன பல்லியைப் பற்றி?” என்று வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“எங்களுக்குப் பலன் இல்லை அண்ணை. பயம் இருக்குத்தானே.”

மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “என்ர தலை. எங்கை விழுந்ததெண்டு எனக்குத் தெரியும்” என்று சொல்லி, வல்லாரையை வாங்காமலே கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் நடந்து போய்விட்டார். அன்று மாலையே கிருஷாந்த் தொலைபேசியில் சொன்னான்: கல்யாணக் கார்டை அடிக்க வேண்டாம் என்று அம்மா அச்சகத்துக்குச் சொல்லிவிட்டார்.

ஐயா, ‘உறவில் மரணச் செய்தி’ என்று தாங்கள் எழுதியது எல்லோருக்கும் பொதுவாகத்தான். மாமிக்கு அது ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். அவருடைய தம்பி றொமேஷ் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வன்னியில் காணாமல் போனவர். மாமியின் வீட்டில் யாரும் அவரை இருந்தவராகப் பேசுவதில்லை. றொமேஷுக்குக் கணவாய்க் கறி பிடிக்காது, றொமேஷ் கண்ணாடி இல்லாமல் வாசிக்கமாட்டான் என்றுதான் பேச்சு. எங்கள் கார்டுகளில் இறந்தவரின் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடுவது தாங்கள் அறிந்ததே. மாப்பிள்ளையின் தாய்மாமன் என்ற இடத்தில், அந்தச் சொல் இல்லாமல், வெறும் றொமேஷ் என்று போடவேண்டும் என்பது மாமியின் கட்டளை. உறவினர் சிலர் மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள். மாமி அசையவில்லை. இப்போது இந்தப் பிராணி விழுந்த பிறகு, அந்தச் சொல்லைப் போட அவருக்கு மனம் இல்லை, போடாமல் விடத் துணிவும் இல்லை. கார்டு இல்லாமல் கல்யாணம் இல்லை என்பதால், செவ்ரானில் பிடித்துவைத்த மண்டபம் தொடங்கி மேளக்காரர் வரை எல்லாம் அந்தரத்தில் நிற்கின்றன.

இதற்கிடையே அந்தப் பிராணி ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில், ஈரக் காகிதத்தின்மேல், எங்கள் குளியலறையில் குடியிருந்தது. நான் அதைப் பொறுமையாகப் பார்த்தேன். செதில் இல்லை. நகம் இல்லை. தோல் தவளையுடையது போல ஈரமாக இருந்தது. முதுகின் இருபுறமும் செம்மஞ்சள் நிறத்தில் புள்ளிகள். அது பல்லியே அல்ல. தவளைக்கு உறவான சலமந்தர். நீரிலும் நிலத்திலும் வாழ்வது, ஊரில் நாம் கண்டிராதது. நூலகத்துப் புத்தகம் ஒன்றில் தேடியபோது அதைப் போலவே ஒரு படம் கிடைத்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் ஒரேயொரு மலையோடையில் பிடிபட்டு, அதன்பின் யார் கண்ணிலும் படாத இனம் என்றும், ‘அழிந்திருக்கலாம்’ என்றும் கீழே எழுதியிருந்தது. எங்கள் நூலகத்துக்கு வரும் யூலியன் என்ற ஆய்வாளருக்குப் புகைப்படம் அனுப்பினேன். வெறும் இரண்டு வரியில் பதில் வந்தது: நீ எங்கும் போகாதே, அதையும் போகவிடாதே.

நான் போனேன். டப்பாவைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பியர்ஃபித்துக்கு, மாமியிடம். இது பல்லி இல்லை, ஆகவே பல்லியின் பலன் இதற்குப் பொருந்தாது என்று விளக்கினேன். மாமி டப்பாவைத் தூரத்தில் வைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இனம் காணாமல் போன கதையைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இவ்வளவு காலம் காணேல்லை எண்டா, செத்துப்போச்செண்டு எழுதியிருப்பாங்களே?”

“இல்லை மாமி. அழிஞ்சிருக்கலாம் எண்டுதான் எழுதியிருக்கினம்.”

“அப்பிடி ஒரு வகுப்பு இருக்கோ?”

“ஓம். தேடவேண்டிய இடமெல்லாம் தேடி முடிக்குமட்டும் அழிஞ்சதெண்டு எழுதமாட்டினம்.”

“நல்ல ஆக்கள்” என்றார் மாமி.

குவாத்தமாலா நாட்டில் நாற்பது வருடத்துக்கு மேல் காணாமல் இருந்த பொன்னிறச் சலமந்தர் ஒன்றை, காட்டுக் காவலர் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கண்டுபிடித்த உண்மைக் கதையையும் சொன்னேன். அறிஞர்கள் பல தடவை போய்த் தேடியும் அகப்படாதது அது. மாமி எழுந்து வந்து டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, “நீ சொல்லுறது விளங்குது பிள்ளை. ஆனா பஞ்சாங்கம் எழுதுறது நீயில்லை. எழுதுற ஆள் சொல்லட்டும்” என்றார்.

ஆகவேதான் ஐயா, கடல் கடந்து தங்களைத் தொந்தரவு செய்கிறேன். சலமந்தர் பல்லி இனத்தைச் சேராது என்றும், அது உச்சியில் விழுந்தால் எந்த மரணத்தையும் குறிக்காது என்றும், தங்கள் கையொப்பத்துடன் ஒரு வரி எழுதித் தந்தால் போதும். காணாமல் போனது கிடைத்தல் என்று ஒரு பலனையும் சேர்த்தால் நன்றி உடையவளாவேன். ஆனால் இல்லாததை எழுதும்படி தங்களை வற்புறுத்த மாட்டேன். என் நம்பிக்கை எப்படிப்பட்டது என்று தாங்கள் கேட்டால், எனக்குப் பலன்களில் நம்பிக்கை இல்லை. மாமியிடம் இருக்கிறது. அது போதுமென்று நினைக்கிறேன்.

தங்கள் கணிப்புத் தவறாமல் தொடரவும், தங்கள் ராசிக்கு வரும் வருடம் தாங்களே எழுதியதைவிட நன்றாக அமையவும் வேண்டி, அப்பாவின் வணக்கத்தையும் அன்ரன் அண்ணையின் மன்னிப்பையும் சேர்த்து அனுப்பும்,

சுபாங்கி

பி.கு. இக்கடிதத்தை உறையில் இடும் முன் யூலியன் நேரில் வந்து பிராணியைப் பார்த்தார். அது அந்த இனமே இல்லையாம். தாய்லாந்துப் பக்கத்துக் குட்டைகளில் சாதாரணமாக இருப்பதுதானாம். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, வருத்தப்படாதே என்றார். அதைத் தன் ஆய்வுக்கூடத் தொட்டிக்குக் கொண்டுபோனார். மறைப்பது சரியில்லை என்று நான் மறுபடி பியர்ஃபித்துக்குப் போய் மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“இது அதில்லையெண்டா, அதை இன்னும் தேடுறாங்கள்தானே?”

“ஓம் மாமி, தேடுறாங்கள்.”

“அப்ப சரி. கார்டை அடிக்கச் சொல்லு. றொமேஷின்ர பேர் நான் முதல்ல சொன்னபடியே இருக்கட்டும்.”

இன்று காலை கார்டு அச்சுக்குப் போய்விட்டது. ஆகவே ஐயா, மேலே அவசரம் என்று எழுதியதைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். தங்கள் பதில் எதுவாக இருந்தாலும், ஆவணி கழியும்வரை அனுப்பாமல் இருந்தால் பேருதவியாக இருக்கும்.