ஓட்டுச் சாமியும் ஆறு இலக்க அருளும்

அடி அண்ணாமலையில் புதிதாக ஒரு சாமியார் முளைத்திருந்தார். பிள்ளை வரம் தரும் சாமி உண்டு, பேய் விரட்டும் சாமி உண்டு. இவர் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏற்றும் சாமி. அரசாங்கம் சல்லிக்காசு வாங்காமல் செய்கிற வேலைக்கு ஐந்நூறு ரூபாய் தட்சணை. இலவசம் என்றால் நம் ஜனத்துக்கு நம்பிக்கை வராதே! கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள்.

ஆதார் நகல், வயதுச் சான்று, போட்டோ மூன்றையும் தட்டில் வைக்க வேண்டும். நகலின் மூலையில் செல்போன் எண்ணையும் எழுத வேண்டும். போட்டோ இல்லாவிட்டால் ஆண்டவனுக்கு ஆள் அடையாளம் தெரியாதாம். சூடம் ஏற்றியதும் சாமியார் காவித் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு முணுமுணுப்பார். பக்தரின் செல்போன் சிணுங்கும். ஆறு இலக்க எண் வந்திருக்கும்.

"அண்ணாமலையார் அனுப்பியிருக்காரு, படிங்க," என்பார் துண்டுக்குள்ளிருந்து. எண்ணைப் படித்ததும் பக்தர் சாமியார் காலில் விழுவார். சில வாரங்களில் அட்டையும் தபாலில் வந்துவிடும்.

கஸ்தூரி தன் மகள் தேவிப்ரியாவை இழுத்துக்கொண்டு வந்தாள். பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். முதல் ஓட்டைப் போட்டே தீர வேண்டும் என்று மகள் துடித்தாள். பெயர் சேர்க்க மறுநாள்தான் கடைசி.

"பொண்ணுக்குச் சனி பார்வை ஜாஸ்தி. ஸ்பெஷல் ஹோமம் பண்ணணும். இல்லனா ஏழு பௌர்ணமி கிரிவலம் சுத்தணும்," என்றார் சாமியார்.

ஏழு பௌர்ணமிக்குள் தேர்தலே முடிந்துவிடும். கஸ்தூரி காதுத் தோட்டைக் கழற்றப் போனாள். தேவிப்ரியாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"இரும்மா. சாமி, துண்டு போத்தாம ஒரு தபா பூஜை பண்ணுங்க. நம்பர் வருதானு பாக்கலாம்."

"அப்படிப் பண்ணா சாமி எறங்காதும்மா."

"அப்ப சாமி இல்லாமலே நான் பண்றேன்."

காலில் செருப்பு. வாயில் பாதி பஜ்ஜி. அன்று அவள் குளிக்கக்கூட இல்லை. தேர்தல் ஆணையத்தின் செயலியைத் திறந்து தன் போன் எண்ணைத் தட்டினாள். உடனே ஆறு இலக்கம் வந்து நின்றது. கூட்டம் வாயைப் பிளந்தது.

"இதுக்குப் பேரு ஓடிபி. நம்ம நம்பரத்தான் இவரு உள்ள உக்காந்து தட்டுறாரு."

முன்வரிசையிலிருந்த விவசாயி இருசப்பன் சாமியாரின் துண்டை உருவினார். உள்ளே ஒரு செல்போன். அதில் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் ஆறு, பாதி நிரப்பியபடி.

"அட, என் மூஞ்சி இருக்குதுப்பா," என்றார் இருசப்பன்.

"நான் வெறும் கருவிதாங்க," என்றார் சாமியார்.

"கருவிக்கு எதுக்குய்யா ஐந்நூறு?"

தேவிப்ரியா அங்கேயே படிவத்தை நிரப்பினாள். போட்டோ, வயதுச் சான்று, முகவரிச் சான்று ஏற்றினாள். பத்து நிமிடத்தில் விண்ணப்ப எண் வந்தது.

"பதினேழு முடிஞ்சவங்களும் முன்னாடியே எழுதி வைக்கலாம். போன் பழக்கமில்லாதவங்க வாக்குச்சாவடி நிலை அலுவலருகிட்ட படிவத்த வாங்கி எழுதிக் குடுங்க," என்றாள்.

இருசப்பன் உருகிப்போய், அணைந்துகொண்டிருந்த சூடத்தட்டை எடுத்து அவளுக்கே ஆரத்தி காட்டத் தொடங்கினார். பின்னால் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தேவிப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள். ஓட்டுப் போடப் பதினெட்டு வயது போதும் என்கிறது சட்டம். யோசிப்பதற்கு எத்தனை வயது ஆக வேண்டும், மகாஜனங்களே?