டோங்காவில் இரண்டு ஞாயிறு

வாழ்நாளில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பத்து மணிவரை தூங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். ஞாயிறு தவறாமல் ஐந்து மணிக்கு என்னை உலுக்கி எழுப்புவாள் என் மனைவி சாந்தி மேரி. அரியலூரிலிருந்து ஏலாக்குறிச்சிக்கு வண்டியை விட வேண்டும். அங்கே ஏழு மணிப் பூசைக்கு மாமியார் முன்வரிசையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். கண் சொக்கினால் விலாவில் ஓர் இடி. வயது எழுபது என்றாலும் முழங்கை இரும்பு.

நான் பூகோள வாத்தியார். அந்த முழங்கை எட்டாத இடத்தை உலகப் படத்தில் தேடினேன். பசிபிக் நடுவில் டோங்கா அகப்பட்டது.

"வெள்ளிவிழாவுக்கு டோங்கா போவமா சாந்தி? தீவுத் தீவா நாடு! வவாவுல திமிங்கிலம், ஹாஅபாய்ல வெள்ளை மணல்!"

"மாதாவே! நெசமாவாங்க?" அவள் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. "எந்தக் கெழமை எந்தத் தீவுன்னு நான் பாத்து எழுதுறேன்" என்றாள்.

எழுதட்டுமே, தூக்கம் எனக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

வியாழன், வவாவு. குட்டியோடு திமிங்கிலம் மேலே வந்தபோது என் கையை இறுக்கிக்கொண்டு சிரித்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. வெள்ளியன்று ஹாஅபாய் மணலில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள். சனி இரவு தலைநகரத் தீவில், ஜன்னல் திரையை நன்றாக இழுத்து மூடிவிட்டுப் படுத்தேன்.

விடியற்காலை ஐந்துக்கு ஊரெல்லாம் கோவில் மணி.

"எந்திரிங்க."

"இங்கயுமா?"

"இந்த நாட்டுல ஞாயித்துக்கெழமை கடை கெடையாது, பிளேன் கெடையாது. சட்டமே அப்படித்தான். ஊரே கோவிலுக்குப் போவுது. பூகோளம் நடத்துறீங்க, இது தெரியாதா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கெழமை பாத்து எழுதுனது யாரு?"

விடுதிக்கார அம்மாள் பாயோடு வந்தார். மரியாதைக்கு இடுப்பில் பாய் கட்டுவது அந்த ஊர் வழக்கமாம். படுக்க வேண்டிய பாயை உடுத்திக்கொண்டு மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டேன். பிறகு மண்ணுக்குள் வேகவைத்த கிழங்கும் கறியும் விருந்து. மத்தியானம் இரண்டேகாலுக்குக் கட்டிலில் விழுந்தேன்.

"என்னங்க, எந்திரிங்க."

"பூசைதான் முடிஞ்சுடுச்சே!"

"இங்கதானே முடிஞ்சுது? நம்மூருல இப்பதான் ஏழு அடிக்கப் போவுது." போனை நீட்டினாள். திரையில் மாமியார். "அம்மா முன்வரிசைல ஒங்க எடத்துல போனை வச்சிருக்காங்க. நேரா உக்காருங்க. கண்ணு சொக்குனா அவங்களுக்குப் பதிலா என்னைய இடிக்கச் சொல்லியிருக்காங்க."