வடையைப் பாஸ் செய்த மெஷின்

கோபத்தில் இரண்டு வகை உண்டு. அடுத்தவர் மேல் வருவது சாப்பிட்டுத் தூங்கினால் அடங்கிவிடும். தன் மேலேயே வருவது அடங்காது. ஒரகடம் தொழிற்பேட்டையில் எனக்கு இரண்டும் ஒரே நாளில் வந்தன.

பிரேக் பாகங்களைப் படமெடுத்து விரிசல் பார்க்கும் மெஷின் எங்கள் கம்பெனியுடையது. கேமராவைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் டிரைவர் நிரலை எழுதியவள் நான். (அந்தப் பெருமையில் கால் தரையில் பாவாது.) ஒவ்வொரு படத்துக்கும் நினைவகத்தில் வேறு எதுவும் தொடாதபடி ஓர் இடத்தைப் பூட்டித் தரும்படி ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்க வேண்டும். முடியாவிட்டால் அது மரியாதையாக 'இல்லை' என்று சொல்லாது. பிழையை மூஞ்சியில் எறியும். அதைப் பிடிக்காவிட்டால் கம்ப்யூட்டரே படுத்துவிடும். பிடித்தால், 'படம் வரவில்லை' என்று திரையில் சொல்ல வேண்டும்.

அப்படித்தான் எழுதியிருந்தேன். மேனேஜர் பாஸ்கர் விடவில்லை.

"கஸ்டமர் முன்னாடி செவப்பா எர்ரர் வந்தா ஆர்டர் பூடும்மா. புடிச்சு உள்ளயே வெச்சுக்கோ, வெளிய வுடாத."

"படம் வரலைன்னா, சார்?"

"அதெல்லாம் வரும். நாளைக்கு டெமோ ஓகே ஆனா நீ பர்மனென்ட்."

அந்தக் கடைசி வார்த்தையில் விழுந்தேன். பிழையைப் பிடித்துவிட்டு, 'எல்லாம் சரி' என்று எழுதினேன். முட்டாள். (இதைவிடப் பொருத்தமான வார்த்தை உண்டு, அச்சில் வராது.)

மறுநாள் டெமோவில் மெஷினில் முதலில் வைத்தது நல்ல துண்டு, 'பாஸ்' என்று பச்சை விளக்கு. அடுத்து, கஸ்டமர் கம்பெனி ஆய்வாளர் சுகுமார், விரிசல் கண்ணுக்கே தெரிகிற ஒன்றை வைத்தார். பச்சை. பாதியாக உடைந்ததை வைத்தார். பச்சை. நினைவகத்தைப் பூட்டுவது தோற்று, புதுப் படம் வராமல், முதல் நல்ல துண்டின் படத்தையே மெஷின் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் டீயோடு வந்த மசால் வடையை எடுத்து வைத்தார். அதற்கும் பச்சை.

"இன்னாம்மா, வடை போட்டா பிரேக் புடிக்குமா?"

பாஸ்கர் என்னைக் கை காட்டினார். "இந்தப் பொண்ணு எழுதினது சார். நான் அப்பவே சொன்னேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "நீங்கதான சார் எர்ரர வெளிய வுடாதன்னீங்க?" என்றேன், அத்தனை பேர் முன்னால். ஆர்டரும் போனது, பர்மனென்டும் போனது. சிங்கப்பெருமாள் கோவில் வரை ஷேர் ஆட்டோவில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் போன ஒவ்வொரு பைக்கின் பிரேக்கும் கண்ணில் பட்டது.

வீட்டில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பிறகு பெண் பார்க்க வந்தவர்கள், "பையன்கிட்ட ஒரு குறையும் கெடையாதுங்க" என்றபோது, தம்பி பலகாரத் தட்டை என்னிடம் நீட்டினான்.

"எதுக்கும் ஒரு வடைய வெச்சுப் பாத்துக்கோக்கா."

அந்தப் பையன்தான் என் கணவர். இன்றும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியாத்தான் கீது" என்றால், அவர் வடை வாங்கி வரக் கிளம்பிவிடுகிறார்.