டிக்கிரி அவர்களின் தமிழ்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றில் தண்ணி மோட்டரைக் கள்ளர் கழற்றிக்கொண்டு போனார்கள். புது மோட்டருக்குக் காவலாக, அரச திணைக்களம் ஒன்றில் பயிற்சி பெற்ற நாய் ஒன்று வந்து சேர்ந்தது. பெயர் டிக்கிரி. கழுத்தில் அடையாள அட்டை. அரச உத்தியோகத்தர் என்றபடியால் அவரை யாரும் 'சீ' என்று அதட்டக்கூடாது என்பது நிபந்தனை.

வந்த அன்றே டிக்கிரி அவர்கள், மூன்றாம் மாடிச் சண்முகலிங்கத்தாரின் மரக்கறிப் பையைக் கவ்விக்கொண்டார். சண்முகலிங்கத்தார் "விடு" என்றார். "விடடா" என்றார். கடைசியில் "விடுங்கோ" என்றும் சொல்லிப் பார்த்தார். காவலாளி பண்டார வந்து சிங்களத்தில் ஒரு சொல் சொன்ன பிறகுதான் பை கைக்கு வந்தது. முருங்கைக்காய் முறிந்துபோயிருந்தது.

தனக்கு ஆயுள் முழுக்கச் சிங்களத்தில் கடிதம் அனுப்பிய அரச கந்தோர்களைச் சண்முகலிங்கத்தார் இன்னும் மன்னிக்கவில்லை.

"கடிதந்தான் சிங்களத்தில வந்தது. இனிக் கடியுமோ?" என்றார் மனைவியிடம்.

"நாய்தானே, விடுங்கோவன்," என்றா கௌரி.

"நாயில்லை, உத்தியோகத்தர். தமிழ் தெரியவேணும்."

மனுவோடு அவர் ஏறாத கந்தோர்ப் படி இல்லை. திணைக்களம் இறங்கி வந்தது. டிக்கிரி அவர்கள் மொழிப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டு, சான்றிதழோடு திரும்பினார். பொதுமக்கள் அறியும்பொருட்டு, கட்டளைகள் மூன்று மொழியிலும் எழுதிய பலகை கேற்றில் அறையப்பட்டது.

சண்முகலிங்கத்தார் புது வேட்டி கட்டிக்கொண்டு தன் வெற்றியைப் பார்க்க இறங்கினார். இங்கிலீசில் 'வாட்ச்' என்று இருந்ததற்கு நேரே தமிழைத் தேடினார்.

"கைக்கடிகாரம்!" என்று நக்கலாக உரத்து வாசித்தார்.

டிக்கிரி அவர்கள் பாய்ந்து வேட்டியைப் பிடித்தார்.

"பண்டார, இதைக் கூப்பிடு."

"ஏலா மாத்தயா. இப்ப சிங்களம் கேக்காது. நீங்கதானே தமிழ் கேட்டது. போர்ட்டைப் பாருங்க."

'லீவ்' என்பதற்கு நேரே 'விடுமுறை' என்று இருந்தது.

"இது பிழைத் தமிழ். 'விடு' எண்டெல்லோ வரவேணும்."

"அப்பிடியே சொல்லுங்க."

"விடு."

டிக்கிரி அவர்கள் மிச்சத்துக்காகக் காத்திருந்தார். வேட்டி இடுப்பிலிருந்து இளகத் தொடங்கியது. பல்கணிகளில் சனம் நிறைந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, சொல்லிப்போட்டு வாங்கோ," என்றா கௌரி மேலிருந்து. "தமிழைப் பிறகு திருத்தலாம். முதல்ல வேட்டி."

"செத்தாலும் சொல்லன்."

அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று அடித்தது.

"விடுமுறை," என்றார் சண்முகலிங்கத்தார், தனக்கே கேட்காத குரலில். டிக்கிரி அவர்களுக்குக் கேட்டது.

பிழையைத் திருத்தச் சொல்லிச் சண்முகலிங்கத்தார் திணைக்களத்துக்குப் போனார். பலகையைத் திருத்தினால் உத்தியோகத்தரையும் திருத்தவேண்டும், அதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், மொழிபெயர்ப்பாளர் லீவு என்றார்கள்.

அந்த இடைவெளியில் கள்ளன் வந்தான். நடந்ததை எல்லாரும் பிறகு கமராவில் பார்த்தார்கள். டிக்கிரி அவர்கள் கடமை தவறவில்லை. மோட்டரோடு கேற்றடிக்கு வந்தவனின் காற்சட்டையை இறுக்கிப் பிடித்தார். கள்ளன் மோட்டரை இறக்கி வைத்தான். பலகையை ஆறுதலாக வாசித்தான். "விடுமுறை" என்றான். மோட்டரைத் தூக்கிக்கொண்டு போனான்.

சண்முகலிங்கத்தார் தண்ணி வாளியோடு மூன்று மாடி ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள், திணைக்களத்திலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. தங்கள் விடாமுயற்சியின் பயனாக, பொதுமகன் ஒருவர் தமிழில் கோரிய சேவை, திணைக்கள வரலாற்றிலேயே முதல் தடவையாக, தாமதமின்றி வழங்கப்பட்டுள்ளது என்று அதில் இருந்ததாம்.

பண்டாரதான் வாசித்துச் சொன்னான். கடிதம் சிங்களத்தில் இருந்தது.