நாலு லிட்டர் கூல்

இந்த ஆடியில் சிதம்பரம் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

ஆண்மகன் எடுத்த முடிவு. அதனால்தான் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

சிதம்பரம் என்றதும் நடராசரோடு ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துவிடாதீர்கள். என் பெயரே நடனசபாபதிதான். பிரச்சினை என் மச்சான் இளவரசு. என் மனைவி திலகவதியின் தம்பி. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அவன் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவான். தாராளமாக ஊற்றட்டும். ஆனால் கூழுக்குத் தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் வேண்டும். வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும். கல்யாணமான புதிதில் மரியாதைக்கு, "நான் வேணா ரெண்டு உரிக்கட்டுமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அன்றிலிருந்து அது எனக்கு நிரந்தரப் பதவி. ரெண்டு என்றது மூட்டைக் கணக்காகிவிட்டது.

"மாமா கை பட்டாத்தான் வெங்காயம் இனிக்குது" என்பான் மச்சான். ஊரே கூழ் குடித்துச் சிரிக்கும். நான் மட்டும் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பேன். பார்க்கிறவர்கள், "கடலூர் மாமாவுக்கு ஆத்தா மேல என்னா பக்தி பாரு!" என்பார்கள்.

இந்த வருஷம் அதே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் மேட்ச். பக்தியைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

கார் ஓடாவிட்டால் திலகவதி பஸ்ஸில் போய்விடுவாள். நான் காருக்குக் காவல். ஆனால் கார் உண்மையிலேயே ஓடக்கூடாது. சும்மா ரிப்பேர் என்று சொன்னால் அவளே சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்துவிடுவாள். அப்படிப்பட்டவள். ஓடவும் கூடாது, கெட்டும் போகக் கூடாது. யோசித்துக்கொண்டே செல்போனைத் தள்ளியபோது ஒரு வீடியோ வந்தது. ரேடியேட்டரில் இருக்கும் கூலன்ட்டை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவது எப்படி? கூலன்ட் இல்லாமல் வண்டியை எடுத்தால் இன்ஜின் கொதித்துச் செத்துப்போகும் என்று அந்த ஆள் அடித்துச் சொன்னார். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. கூலன்ட் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

திட்டம் சுலபம். ஞாயிறு விடிந்ததும் பழையதை வடிப்பது. "ஐயையோ, புதுசு வாங்க மறந்துட்டேன், இன்னிக்குக் கடை லீவு" என்று தலையில் கைவைப்பது. அவள் பஸ் ஏறியதும் டிவியைப் போடுவது. சாயங்காலம் புதியதை ஊற்றுவது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு கேன் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் முன்கூட்டியே வாங்கிவிட்டேன். எங்கே ஒளிப்பது? டிக்கியை அவள் திறப்பாள். என் அலமாரியை என்னைவிட அதிகமாகத் திறப்பாள். அவள் ராஜ்யத்திலேயே அவள் எட்டிப் பார்க்காத மூலை ஒன்று உண்டு. சமையல்கட்டில் கேழ்வரகு மாவு டின்னுக்குப் பின்னால். அந்த டின்னை வருஷத்துக்கு ஒருமுறைதான் தொடுவாள். அங்கே வைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் இந்தக் கார் வாங்கியபோது, "மாரியாத்தா, வண்டி நல்லபடியா வந்தா எங்க வூட்டு வாசல்ல கூழ் ஊத்தறேன்" என்று திலகவதி வேண்டிக்கொண்டாள். வண்டி வந்தது. கூழ் வரவில்லை. ஒவ்வோர் ஆடியிலும் நான் "அடுத்த ஆடி" என்பேன். ஒரு ஊர் வெங்காயம் போதாதா எனக்கு?

சனிக்கிழமை காலை, காபி குடித்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"திலகா, நாளைக்குக் காலையில வண்டிக்குக் கூலன்ட் மாத்தப் போறேன்."

"அப்புடின்னா?"

"வண்டிச் சூட்டைத் தணிக்கிறது. கூல் பண்ணணும்."

"கூலா?"

"கூல்தான்."

"அதை என்னா பண்ணுவீங்க?"

"ஊத்தணும்."

"யாரு ஊத்துவாங்க?"

"நான்தான். என் கையாலேயே."

அவள் முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி மலரவில்லை.

"மாமா, நெசமாத்தான் சொல்றீங்களா? நாளைக்கு வண்டிக்குக் கூல் ஊத்தறீங்க?"

"ஊத்தறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே? மாரியாத்தா படத்துக்கு முன்னால நின்னு சொல்லுங்க."

ரேடியேட்டருக்கும் மாரியாத்தாளுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சத்தியம் செய்துவிட்டால் வண்டி நிற்கப்போவது உறுதியாகிவிடும். படத்துக்கு முன்னால் நின்றேன். "ஆத்தா சத்தியமா நாளைக்கு வண்டிக்குக் கூல் ஊத்தறேன்" என்றேன். அவள் கற்பூரமே ஏற்றிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ழகரம் புத்தகத்தில்தான் சௌக்கியமாக இருக்கும். வாய்க்கு வந்தால் லகரம் ஆகிவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுச் சுப்புராயன் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். செம்மண்டலத்தில் எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் தலைவர், செயலாளர், நிருபர் எல்லாம்.

"என்னா சார், நாளைக்குக் கூல் ஊத்தறீங்களாமே? அண்ணி சொன்னாங்க."

"ஆமா சுப்பு."

"ரொம்ப சந்தோசம். எவ்ளோ ஊத்தறீங்க?"

"நாலு லிட்டர்."

"நாலு லிட்டரா? எப்புடி சார் பத்தும்?"

"தாராளமா பத்தும். மிஞ்சினா அடுத்த வருசத்துக்கு எடுத்து வெச்சுக்கலாம்."

"அடுத்த வருசத்துக்கா! ஜாஸ்தி புளிச்சிராது?"

"அதெல்லாம் கெடாது."

"தண்ணி எவ்ளோ கலப்பீங்க?"

"சரிக்குச் சரி."

"என்னா சார் இது, கெட்டியா ஊத்துங்க சார். புண்ணியமாப் போவும்."

"கெட்டியா ஊத்தினா உள்ள போயி அடைச்சுக்கும்யா."

"எங்களுக்கா? அதெல்லாம் அடைக்காது. கருவாட்டுக் கொளம்பு உண்டா?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். நானும் விடவில்லை.

"ஏன், முருங்கைக்கீரையும் சேத்தே வெக்கிறேன்!"

"சார், நீங்க மனுசன் சார்!" என்று கும்பிட்டுவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் தெரு முழுக்க செல்போன்கள் டிங், டிங் என்றன.

அன்று சாயங்காலம் பின்கட்டில் திலகவதி பெரிய அண்டாவில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னா அது?"

"கூலு."

"யாருக்கு?"

"நாளைக்குத்தான்."

தம்பி வீட்டுக்கு எடுத்துப்போகிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய அண்டாவைப் பஸ்ஸில் எப்படி ஏற்றுவாள் என்று ஒரு சராசரி மனிதன் யோசித்திருப்பான். நான் டாஸில் யார் ஜெயிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு விடிந்தது. இன்ஜின் ஆறிக் கிடந்தது. பானெட்டைத் தூக்கினேன். மூடியைக் கழற்றினேன். பழைய பெயின்ட் பக்கெட் ஒன்றைக் கீழே வைத்து, மல்லாந்து வண்டிக்கு அடியில் போய்த் திருகைத் திறந்தேன். பச்சைப் பசேலென்று இறங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க விடுதலை சொட்டுச் சொட்டாக வருவது போலிருந்தது.

அப்போது பாதங்கள் தெரிந்தன. முதலில் இரண்டு. பிறகு ஆறு. பிறகு எண்ண முடியவில்லை. பாதங்களுக்குப் பக்கத்தில் தூக்குவாளிகள், குண்டான்கள், சொம்புகள்.

"சாமி வண்டிக்கு அடியில என்னா பண்ணுது?" எதிர்வீட்டு விருத்தாம்பாளின் குரல். "அங்கப்பிரதட்சணமா?"

"இது என்னாடி பச்சையா? தீர்த்தமா?" என்று குனிந்து பக்கெட்டுக்குள் கையை விடப்போனாள்.

"ஐயோ தொடாதீங்க! அது விசம்!"

"மாரியாத்தா காரியம் நடக்குற வாசல்ல என்னா பேச்சு பேசறாரு பாரு!" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் பக்கெட்டை அவசரமாக மூடி சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன்.

கேட்டில் வேப்பிலைத் தோரணம். என் காரின் முகப்பில் மஞ்சள், குங்குமம். பானெட் திறந்திருந்த வாக்கில் ஒரு வேப்பிலைக் கொத்து அதற்குள்ளும் செருகியிருந்தது. மைக் செட்டில் அம்மன் பாட்டு. சுப்புராயன் மைக்கைப் பிடித்து, "நம்ம சபாபதி சார் தன்னோட வண்டிக்கு வேண்டிக்கிட்ட கூலை இன்னும் சற்று நேரத்தில்…" என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

திலகவதியை ஓரமாக இழுத்தேன்.

"என்னாடி இது?"

"நீங்கதான மாமா சத்தியம் பண்ணீங்க?"

"நான் சொன்னது கூல்!"

"நானும் கூலுதான் சொல்றேன்."

"கூல்டி! ல், ல்!"

"அதான், கூலு."

"வண்டிக்குள்ள ஊத்துறது!"

"வண்டிக்குன்னுதான் நானும் வேண்டிக்கிட்டேன். போயி அத்தனை சனத்துக்கிட்டயும், ஆத்தாகிட்டயும், எளுத்துப் பிளைன்னு சொல்லிட்டு வாங்க."

வாசலைப் பார்த்தேன். வரிசை தெருமுனை வரை போயிருந்தது. திரும்பினேன். என் கையில் ஒரு முறத்தைக் கொடுத்தாள். முறம் நிறையச் சின்ன வெங்காயம்.

உரித்தேன். உரித்து முடித்ததும் கரண்டியைக் கொடுத்தார்கள். ஊற்றினேன். மோர் கலந்த கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. நான் கிண்டலுக்குச் சொன்ன எல்லாமே இருந்தது. "கெட்டியா ஊத்துங்க சார்" என்று சுப்புராயன் ரெண்டு தரம் வந்தார். கண்ணீர் வழிய வழிய ஊற்றினேன். "நாலு வருச வேண்டுதலு, மனுசன் உருகறாரு" என்றாள் விருத்தாம்பாள்.

போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மேட்ச் மத்தியானம்தான். வண்டியில் கூலன்ட் இல்லை. சிதம்பரம் இல்லை. அண்டா காலியானது. கையைக் கழுவிக்கொண்டு டிவி ரிமோட்டைத் தேடினேன்.

வெளியே கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம்.

ஓடினேன். திலகவதி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை.

"நிறுத்து! நிறுத்து! கூலன்ட் இல்ல! இன்ஜின் போயிரும்!"

"இருக்குது. கேவரகு மாவு டின்னுக்குப் பின்னால ஒரு கேன் இருந்துச்சே, மைக் செட் அலறுனப்ப நீங்க வெங்காயத்தோட அழுதுக்கிட்டிருந்தீங்க, அப்பவே அதை ஊத்திட்டேன். சரிக்குச் சரி தண்ணி கலந்து. கீள திருகு மூடி, ஹீட்டர் போட்டு, காத்து போற வரைக்கும் ஓட விட்டு, மறுபடி கொறைஞ்சதையும் ஊத்தியாச்சு."

"உனக்கு எப்புடித் தெரியும்?"

"அந்த வீடியோவைச் சத்தமா வெச்சுத்தான பாத்தீங்க? சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு."

"கேனை எப்பப் பாத்த?"

"வெள்ளிக்கெளமை மாவெடுக்கப் போனப்ப. கூலுக்கு மாவு முன்னாடியே கரைச்சு வெச்சாத்தான புளிக்கும்?"

நான் வாயைத் திறந்தது சனிக்கிழமை. மாவு கரைந்தது வெள்ளிக்கிழமை. நான் சத்தியம் செய்வதற்கு முன்பே என் சத்தியம் புளிக்கத் தொடங்கியிருந்தது.

"நீங்க கூழ் ஊத்தினீங்க. நான் கூல் ஊத்தினேன்" என்றாள். ழகரம் அட்சர சுத்தமாக விழுந்தது. "ஏறுங்க. தம்பி காத்துக்கிட்டிருப்பான்."

ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது மீட்டரைப் பார்த்தேன். சூட்டு முள் அசையவே இல்லை. அந்த வண்டியில் கொதித்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

பரங்கிப்பேட்டைப் பக்கம் வரும்போது அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, மாமா வர்றாரா? வெங்காயம் அப்புடியே கெடக்குது."

"வர்றாருடா. காலையிலேர்ந்து உரிச்சு, கை நல்லா பழகியிருக்குது."