கரை நெடுக ஒரே புளிமா

யாப்பிலக்கணம் படித்தவனைப் பட்டுப்புடவை பக்கமே விடக் கூடாது. என் வீட்டில் விட்டார்கள். பழியை மட்டும் இன்றுவரை என் தலையில் போடுகிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. ஆரணியில் அக்காவுக்குக் கல்யாணம். பிளஸ் டூ கணக்கில் மூன்று முறை தோற்று, நான்காம் முறை தேறி, டீச்சர் வேலையும் வாங்கியவள். அவளுக்காக நாலு வரிக் கவிதை எழுதினேன். (பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. மகாகவி என்று நினைப்பு.) ஒவ்வொரு வரியும் ‘விழுந்தேன்’ என்று தொடங்கி ‘எழுந்தேன்’ என்று முடியும். அதைக் கல்யாணப் புடவையின் கரையில் நெய்தே ஆக வேண்டுமென்று அடம்பிடித்தேன்.

தறிக்கு டிசைன் அட்டை குத்தித் தரும் முருகேசன் அண்ணன் கவிதையைப் பார்த்து முகம் சுளித்தார்.

“இவ்ளோ எழுத்துக்கு அட்டை குத்திகினு இருந்தா கல்யாணத்துக்குப் புடவை வராதுப்பா. இதுல எது முக்கியம், சொல்லு.”

கவிதையில் எது முக்கியம் என்றா கேட்பது! ரோஷம் வந்துவிட்டது. அங்கேயே வகுப்பெடுத்தேன்.

“ரெண்டு சொல்லுக்கும் ‘ழு’ எதுகை. அசை பிரிச்சா ரெண்டுமே புளிமாங்கிற ஒரே சீர். அளவுல துளி வித்தியாசம் இல்ல, ரெண்டும் ஒண்ணுதான். திரும்பத் திரும்ப வருது பாருங்க, அதான்ணே இதுக்கு உயிர்!”

முக்கால் மணி நேரம் தலையாட்டினார். (தலையாட்டுகிறவர்களை நம்புவதை அன்றோடு விட்டேன்.)

கல்யாணத்துக்கு முந்தின நாள் புடவை வந்தது. அரக்கு நிறம், ஜரிகைக் கரை. கரை நெடுக ஒரே சொல்: விழுந்தேன் விழுந்தேன் விழுந்தேன்.

ஓடினேன். “எழுந்தேன் எங்கண்ணே?”

“நீதானப்பா சொன்ன, ரெண்டும் ஒண்ணுதான்னு? மொதல்ல இருந்ததப் போட்டேன். திரும்பத் திரும்ப வருதா இல்லியா?”

வந்தது. அதுதானே பேஜார்!

ஆரணியில் புடவைக்கா பஞ்சம்? வேறு எடுக்கலாமென்று அம்மா கெஞ்சினாள். அக்கா கேட்கவில்லை. எனக்கென்று நெய்தது இதுதான் என்று கட்டிக்கொண்டாள்.

மேடையில் அக்காவின் கலசப்பாக்கத்து மாமியார் கரையைப் பிடித்து உரக்கப் படித்தார். “இன்னாம்மா இது, நல்ல நாள் அதுவுமா விழுந்தேன் விழுந்தேன்னுகினு?”

மண்டபமே திரும்பியது. கல்யாணம் நின்றால் அதற்குக் காரணம் நானும் என் எதுகையும்தான்.

அக்கா அசையவில்லை. “விழுந்தேன்னு எழுதினதையே கட்டிகினு நிக்கிறேன் இல்லீங்க அத்த? எழுந்ததை வேற எழுதணுமா?”

மாமியார் சிரித்துவிட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. எதுகையும் பார்க்காமல், சீரும் எண்ணாமல், ஒரே மூச்சில் என் நாலு வரியையும் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டாள்!

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பரீட்சையில் கோட்டை விட்டாலும், வண்டியிலிருந்து உருண்டாலும் ‘புளிமா’தான். போன மாதம் குளியலறையில் நான் வழுக்கி விழுந்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிறேன். விசாரிக்கப் போன் செய்த அக்கா கேட்கிறாள்:

“ஒரு புளிமா ஆச்சு. அடுத்த புளிமா எப்படா?”

வந்த ஆத்திரத்தில் எழுந்தே விட்டேன்.